ஐப்பசி மலையில் ஓர் ஈரச் சுவர்

டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. எதிர்மலையில் தலையாறு அருவி ஒற்றை வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர். ஆனால் அவ்வளவு தூரத்தில் சத்தம் கேட்காது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அத்தை வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, "இந்தக் காத்துக்காகத்தாம்மா நான் கெளம்பி வந்ததே" என்றார்.

அத்தைக்கு 68 வயது. இருபது ஆண்டுகளாக ஆஸ்துமா. மழைக்காலத்தில் மலைக்குப் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டதற்கு அவர் மூன்று விஷயம் சொன்னார். காதையும் மார்பையும் மூடிக்கொள்ள வேண்டும். இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்க வேண்டும். தங்குகிற அறையில் ஈரம் இருக்கக் கூடாது. முதல் இரண்டும் எங்கள் கையில் இருந்தன. மூன்றாவது எங்கள் கையில் இல்லாமல் போனதையும், அதை எப்படிச் சமாளித்தோம் என்பதையும்தான் எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, திண்டுக்கல் தாண்டி, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேறினோம். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். சோதனைச் சாவடியில் அதைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். எவர்சில்வர் பாட்டில்களைக் காட்டினோம். பெருமாள்மலை வளைவுகளில் மூடுபனி சாலைக்கு இறங்கியிருந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு எதிரே சுட்ட சோளம் விற்பவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள். ஊருக்குள் நுழையும்போது மணி ஒன்று.

வீடு வில்பட்டிப் பக்கம், சாலையிலிருந்து கீழே இறங்கும் ஒரு சரிவில் இருந்தது. முன்பதிவுத் தளம் ஒன்றில் படம் பார்த்து, மூன்று இரவுக்கு முழுப் பணமும் கட்டி எடுத்த வீடு. வாடகைக்கு மேல் "சுத்தம் செய்யும் கட்டணம்" என்று 600 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார்கள். வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்திருந்தது. கேர்டேக்கர் அக்கா, ஐம்பது வயதைத் தாண்டியவர், தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சாவியோடு நின்றார். "வாங்க மேடம், பாட்டிம்மாவ மெதுவாக் கூட்டியாங்க, படி வழுக்கும்" என்று அத்தையின் கையைப் பிடித்து அவரே இறக்கிவிட்டார். அந்தக் கையின் ஈரமும் குளிரும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அப்போதுதான் ஏதோ துவைத்துக்கொண்டிருந்து வந்திருக்கிறார்.

அறைக் கதவைத் திறந்ததும் ரூம் ஸ்பிரேயின் மல்லிகை வாசனை முகத்தில் அடித்தது. இரண்டு நிமிடம் போனதும் அதன் அடியிலிருந்து இன்னொரு வாடை எழுந்தது. மழைக்காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறையைத் திறந்தால் வருமே, அந்த மக்கல் வாடை. அத்தை ஒருமுறை இருமினார். பெட்டிகளைப் பிரிக்க வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன்.

இந்தப் பழக்கம் எனக்கு ஓர் அடி பட்டு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தசரா பார்க்க மைசூர் போயிருந்தோம். அங்கே எடுத்த வாடகை வீட்டில் காலையில் எழுந்தபோது மகளின் கையில் வரிசையாக நான்கைந்து சிவப்புத் தடிப்புகள். கொசு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தலையணைக்கு அடியில் மூட்டைப்பூச்சியைக் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு இரவுதானே, எதற்கு வம்பு என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டோம். பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் இருந்தது. ஒரு மாதத்துக்குள் எங்கள் வீட்டுக் கட்டிலிலும் பூச்சி வந்துவிட்டது. போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, கட்டிலைக் கழற்றி, மரச் சந்துகளைத் தேடி, ஆள் வைத்து மருந்தடித்து ஓய மூன்று மாதம் ஆனது. மூட்டைப்பூச்சி நோய் எதையும் பரப்புவதில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் இரத்தம் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் வெறும் அறையில்கூட அது காத்திருக்கிறது. என்னை அதைவிட அதிகமாக உறுத்தியது வேறு. நாங்கள் கிளம்பிய அன்றைக்கே அந்தக் கட்டிலில் இன்னொரு குடும்பம் வந்து படுத்திருக்கும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள்.

ஆகவே கொடைக்கானல் அறையில் வேலையைத் தொடங்கினோம். பெட்டிகளைக் குளியலறையின் டைல்ஸ் தரையில் வைத்தோம். ஜன்னலைத் திறந்தோம். கைப்பேசி டார்ச்சை அடித்து, விரிப்பைத் தூக்கி மெத்தையின் நான்கு மூலைத் தையலையும் பார்த்தேன். கறுப்புப் புள்ளி, உலர்ந்த தோல், பூச்சி எதுவும் இல்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகையின் பின்பக்கமும் சுத்தமாகவே இருந்தது. விரிப்பு துவைத்தது. ஆனால் துவைத்த உறைக்குள் இருந்த தலையணையில் எண்ணெய் வாடை. ரஜாயின் மடிப்பில் யாருடையதோ நீளமான தலைமுடி. குளியலறைச் சாக்கடை மூடியில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

கணவர் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தார். மறைந்திருந்தது தெரிந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் முழுக்கக் கரும்பச்சைப் புள்ளிகள். பூசணம். சில இடங்களில் அதன் மேலேயே புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்; பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. விரலால் தொட்டால் சுவர் சில்லென்று நசநசத்தது.

இந்த வீட்டில் ஏன் அப்படி என்று வெளியே போய்ப் பார்த்தபோது புரிந்தது. மலையை வெட்டிக் கட்டிய வீடு. கீழ்த்தளத்தின் பின்சுவர் நேராக மண்ணோடு ஒட்டி நிற்கிறது. கொடைக்கானலுக்கு அதிக மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசி முழுக்கப் பெய்கிற நீர் அந்த மண்ணில் ஊறிச் சுவர் வழியாகக் கசிகிறது. உள்ளே கீசர் வெந்நீரின் ஆவியும் ஆட்கள் விடும் மூச்சும் அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு மறுபடி நீராகிறது. வாரநாளில் ஆள் வராததால் ஜன்னல் அடைத்தே கிடக்கிறது. பூசணத்தின் வித்துகள் எந்தக் காற்றிலும் உண்டு. அவற்றுக்கு வேண்டியது ஈரம் மட்டும். நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் அதில் வேர்விடத் தொடங்கிவிடும். பெயின்ட் அடித்தாலும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாலும், ஈரம் நிற்காதவரை திரும்பி வரும். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சு நோய்களும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருவதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலிலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறது. நல்ல உடம்புக்காரர் இரண்டு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார். ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரே இரவு போதும்.

அத்தையை வெளித் திண்ணையில் ஸ்வெட்டர் போர்த்தி உட்காரவைத்துவிட்டுப் படம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு படம்: முழு அறையும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, கறை தெளிவாகத் தெரிய அருகிலிருந்து ஒன்று. அருகிலிருந்து எடுத்த படம் மட்டும் இருந்தால் அது எந்த வீட்டுச் சுவர் என்று யாரும் கேட்கலாம். பிறகு தளத்தின் செய்திப் பெட்டியில் வீட்டுக்காரருக்கு எழுதினேன். "இன்று பகல் 1.10-க்கு வந்தோம். கீழ் அறையில் கட்டிலுக்குப் பின்னால் பூசணம் இருக்கிறது. ரஜாயும் தலையணைகளும் துவைக்கப்படவில்லை. எங்களுடன் ஆஸ்துமா உள்ள பெரியவர் இருக்கிறார். இந்த அறையில் தங்க முடியாது. படங்கள் கீழே." இவ்வளவுதான். போனிலும் பேச வேண்டும், எழுத்திலும் இருக்க வேண்டும். போனில் பேசினால் காரியம் நடக்கும். எழுத்தில் இருந்தால்தான் பிறகு பணம் கேட்க ஆதாரம் இருக்கும். எழுதியதை அனுப்பிவிட்டு அழைத்தேன்.

வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். "மலைன்னா அப்படித்தான் மேடம், கொடைக்கானல் கிளைமேட். எல்லா வீட்லயும் இருக்கும்" என்றார்.

"கிளைமேட்ட நான் கொற சொல்லல சார். எங்க அத்தைக்கு மூச்சு நோவு. இந்த ரூம்ல படுக்கவெச்சா ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உங்ககிட்ட மூணு விஷயம் கேக்குறேன். வேற ரூம் இருந்தா மாத்திக் குடுங்க. தொவைச்ச ரஜாயும் தலகாணியும் வேணும். ரெண்டும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடியாதுன்னா பணத்தத் திருப்பிக் குடுத்துருங்க, நாங்க வெளிச்சம் இருக்கும்போதே வேற எடம் பாத்துக்குறோம்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மேல ஒரு ரூம் எங்க ஃபேமிலிக்குன்னு பூட்டி வெச்சிருக்கேன். அதத் தொறந்து விடச் சொல்றேன். க்ளீனிங் சார்ஜ் திருப்பி அனுப்பிடுறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும், ஏன் வேண்டும் என்று மூன்றும் தெளிவாக இருந்ததால் அவருக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. "உங்க வீடு நல்லாவே இல்ல" என்று தொடங்கியிருந்தால் அவர் வீட்டுக்காக வாதாடியிருப்பார், அறை மாறியிருக்காது.

மேல் அறை சாலை மட்டத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல். சுவர் வெளியே காற்றைப் பார்த்து நின்றது. முகர்ந்து பார்த்தேன், பழைய மரத்தின் வாசனை மட்டும். கணவரும் கேர்டேக்கர் அக்காவும் மெத்தையை நிமிர்த்தி வைத்துத் தட்டினார்கள். நான் மகளுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, நாங்கள் கொண்டுவந்த பருத்தி விரிப்புகளை எடுத்தேன். இரண்டு விரிப்பு, தலைக்கு ஒரு துண்டு, நான்கு தலையணை உறை. எங்கே போனாலும் எங்கள் பெட்டியில் இவை இருக்கும். பெரிய சுமை ஒன்றும் இல்லை.

ஈரம் போகட்டும் என்று அக்கா ஓர் இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டுக் கொண்டுவந்தார். அன்பாகத்தான் கொண்டுவந்தார். "வேணாங்க்கா, மூடின ரூம்ல கரி வெக்கவே கூடாது" என்று தடுத்தேன். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மலைக் குளிரில் ஜன்னலை அடைத்துக் கரிச்சட்டி வைத்துப் படுத்தவர்கள் விடிந்து எழாத செய்திகள் வந்திருக்கின்றன. இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். குளியலறைக்கு அவர் பிளீச்சிங் பவுடர், கழிப்பறை ஆசிட் இரண்டையும் பயன்படுத்துகிறார். ஒரே நேரத்தில் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். "அதான் கண்ணு எரியுதா தாயி? நான் வயசாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் தாயி என்று மாறியது அப்போதுதான்.

இரவு அத்தை தூங்கிய பிறகு, அக்காவின் சமையலறையில் சுக்குக் காப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தோம். அவர் முதலில் கேட்டது, "என் பேரப் போட்டு எழுதிறாதீங்க தாயி, வேல போயிரும்." அந்தப் பயம் எனக்குச் சுருக்கென்றது. என் செய்தியில் அவர் பெயரே இல்லை என்று காட்டினேன். பிறகுதான் அவர் வேலையைப் பற்றிச் சொன்னார்.

முந்தைய ஆட்கள் பதினொரு மணிக்குக் கிளம்புகிறார்கள். அடுத்தவர்கள் ஒரு மணிக்கு வருகிறார்கள். இடையில் இரண்டு மணி நேரத்தில் மூன்று அறை, இரண்டு குளியலறை, சமையலறைப் பாத்திரம், குப்பை எல்லாம் ஒருவரே முடிக்க வேண்டும். கட்டிலுக்கு இரண்டு செட் விரிப்புதான் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாக வெயில் இல்லை. துவைத்தது காயாது, காயாததை விரித்தால் வாடை வரும். ரஜாய் நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது, அதனால் அதை மடித்து மட்டும் வைப்பார். "ஸ்பிரே அடிக்கச் சொல்லுவாரு மொதலாளி. நானும் அடிச்சிருவேன். வேற என்ன செய்ய?"

அழுக்கைச் சோம்பல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அந்த அறையில் இருந்த அழுக்குக்குக் காரணம் நேரமும் துணியும் போதாமை. ஹோட்டல் தொழிலில் கட்டிலுக்குக் குறைந்தது மூன்று செட் என்பது பழைய கணக்கு: ஒன்று விரிப்பில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். மழை மலையில் அதற்கும் மேல் வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு பெற வேண்டுமென்றால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அந்த விதிக்குப் பொருள் இருக்கிறது. சொந்த மூக்கில் ஏறும் வாடையை யாரும் ஒரு வாரம் விட்டுவைக்க மாட்டார்கள். இன்று நாம் படம் பார்த்து எடுக்கும் விடுமுறை வீடுகளில் பெரும்பாலும் முதலாளி வெளியூரில், வேலை ஒருவர் தலையில். அந்த ஒருவரிடம் கத்தி எந்தப் பயனும் இல்லை. சுவரைச் சரிசெய்யும் அதிகாரமும் துணி வாங்கும் பணமும் முதலாளியிடம் இருக்கின்றன. புகார் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான்.

மறுநாள் காலை வெயில் வந்தது. அத்தை இருமலில்லாமல் எழுந்தார். மேல் அறையின் ரஜாய்களை நாங்கள் இருவரும் அக்காவும் சேர்ந்து மாடிக் கம்பியில் போட்டோம். பிறகு ஊருக்குள் போனோம். 1863-இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நீரோடைகளை மறித்து உண்டாக்கிய ஏரியைச் சுற்றி நடந்தோம். கோக்கர்ஸ் வாக் பாதையில் அத்தை இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறி, முழுத் தூரமும் நடந்து முடித்தார். கீழே சமவெளி மேகத்துக்குள் கிடந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது இந்த ஊர் பிறந்த காரணத்தைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே சமவெளியில் காய்ச்சலும் காலராவும் அவர்களைச் சாகடித்துக்கொண்டிருந்தன. உடம்பு தேற வேண்டும் என்றுதான் மலையேறினார்கள். அந்தக் கூரைகள் நோயிலிருந்து தப்பிக்க எழுந்தவை. அதே ஊரில் காசு கொடுத்து ஒரு கூரைக்குக் கீழே போய் நோய் வாங்கிக்கொண்டு வரலாமா? சுத்தமான அறை என்பது மலை வீட்டுக்கு அலங்காரம் அல்ல. அந்த வீடு இருப்பதற்கான காரணமே அது.

எங்கள் வீட்டுக்காரர் ஒத்துவந்தார். எல்லோரும் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் படங்களோடு எழுத வேண்டும். பிரச்சினையைக் கண்ட மூன்று நாளுக்குள், சில இடங்களில் ஒரே நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மூன்று இரவும் தங்கி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதினால் யாரும் பணம் தரமாட்டார்கள். பிடிக்காமலா மூன்று நாள் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுக் கிளம்புவதும் தவறு. எழுதி, பதில் வருவதற்கு அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகே வெளியேற வேண்டும். உடல்நிலை அவசரம் என்றால் அதையும் எழுதிவிட்டுக் கிளம்பலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. அவற்றின்படி இணையத் தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலேயே பேசலாம். நாம் முதல் நாளில் எடுத்த படமும் எழுதிய செய்தியும் இந்த எல்லாப் படியிலும் கூடவே வரும்.

விருந்தினராகப் போகிற நமக்கும் கடமை உண்டு. அந்த மூன்று நாளும் குளித்த பிறகு குளியலறை ஜன்னலைத் திறந்து வைத்தோம். ஈரத் துண்டை ரஜாய் மேல் போடவில்லை. எச்சில் பாத்திரத்தை அன்றன்றே கழுவினோம். பிரியாணிப் பொட்டலம், டயப்பர், பாட்டில் எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அக்கா சொல்லியிருந்தார். கிளம்பும்போது குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு பையாகக் கட்டி வாசலில் வைத்தோம். பழைய விரிப்பைக் கழற்றி ஒரு மூலையில் சேர்த்து, கறை பட்ட ஒரு தலையணை உறையை மேலே தெரிகிற மாதிரி வைத்து அக்காவிடம் காட்டினோம். மகள் சிந்திய காப்பிக் கறை அது. நம் தவறை நாமே சொல்லிவிட்டால் அதைத் துடைப்பவருக்கு வேலை பாதியாகும். அவர் கையில் தனியாகக் கொஞ்சம் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்து, அத்தை சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார்.

திருச்சிக்குத் திரும்பிய அன்று வீட்டுக்காரர் அழைத்தார். க்ளீனிங் சார்ஜ் வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு, "மதிப்புரையில பூசணத்தப் பத்தி மட்டும் எழுதாதீங்க மேடம்" என்றார். எழுதாமல் இருக்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னேன். நீங்கள் செய்த உதவியையும் சேர்த்து எழுதுகிறேன் என்றும் சொன்னேன். இதுதான் நான் எழுதியது: "கீழ் அறையின் பின்சுவரில் மழைநீர் கசிந்து பூசணம் பிடித்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையைத் தவிர்க்கவும். சொன்ன ஐந்து மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் காய்ந்த மேல் அறையைத் திறந்துவிட்டார், கட்டணத்தைத் திருப்பினார். அங்கே பணிபுரிபவர் கனிவாகக் கவனித்துக்கொண்டார். பின்சுவருக்கு வெளியே வடிகால் வெட்டி, கட்டிலுக்கு இன்னும் இரண்டு செட் துணி வாங்கினால் இது நல்ல வீடு." நட்சத்திரம் மூன்று கொடுத்தேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. பார்த்ததை எழுதினேன்.

அந்த மதிப்புரையை அடுத்து வருபவர் படிப்பார். அவரோடு ஒரு கைக்குழந்தை இருக்கலாம், மூச்சு நோய் உள்ள ஒரு தாத்தா இருக்கலாம். மைசூரில் நான் செய்யத் தவறியதைக் கொடைக்கானலில் செய்தேன் என்ற நிறைவு எனக்கு இருக்கிறது.

வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் ஜன்னலைத் திறங்கள். மெத்தைத் தையலைப் பாருங்கள், கட்டிலை ஒரு முழம் இழுத்துப் பாருங்கள், போர்வையை முகர்ந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. குறை இருந்தால் அன்றைக்கே, படத்தோடு, அதைச் சரிசெய்யக் கூடியவரிடம் சொல்லுங்கள். தரையைத் துடைக்கும் கையை நோகடிக்காமல் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.